சிசுவின் தலைமாட்டில்

ஈதர் என்னும் திரவத்தின் ஆவியை முகரச் செய்து, நோயாளியின் பிரக்ஞையைச் சிறிது நேரம் அகற்றிவிட்டு, அவன் உடலில் கத்தி வைக்கலாம் என்பதை உலகம் 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அறிந்துகொண்டதாகச் சரித்திரம் சொல்லும். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில், ஜெபர்சன் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்து வந்த கிராபோர்டு லாங் என்ற இளைஞர் அதைச் செய்து பார்த்திருந்தார். அவர் 1849இல் வெளியிட்ட குறிப்புகளைப் படிப்பவர் மனம் இரண்டு இடங்களில் நின்றுவிடும். 1842 ஜூலை 3ஆம் தேதி அவர் ஈதர் கொடுத்துக் கால்விரல் ஒன்றை அகற்றியது ஓர் அடிமைச் சிறுவனுக்கு. 1845இல் மற்றொரு கறுப்பினச் சிறுவனுக்குக் கைவிரல்கள் இரண்டை வெட்ட வேண்டியிருந்தபோது, ஒரு விரலை ஈதர் கொடுத்தும், மற்றொரு விரலை அது கொடுக்காமலும் வெட்டி, முன்னதில் அவன் ஒன்றும் அறியவில்லை, பின்னதில் துடித்தான் என்பதைத் தம் மருந்தின் பலனுக்குச் சான்றாகக் குறித்துவைத்தார்.

குழந்தைகள் இப்படி மயக்க மருந்தின் சரித்திரத்தில் முதல் பக்கத்திலிருந்தே இருக்கிறார்கள். ஆயினும் குழந்தைகளுக்கென்று ஒரு மயக்க மருத்துவம் உருவாக ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் நிற்கும் இடம் நோயாளியின் தலைமாடு. ரண சிகிச்சை செய்பவர் வயிற்றிலோ மார்பிலோ கருத்தைச் செலுத்தியிருக்க, முகத்தையும் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருப்பது இவருடைய கடமை. குழந்தை அசையாமல் கிடக்க வேண்டும் என்பதுதான் முதலில் இவரிடம் கேட்கப்பட்டது. பிறகு அதன் சுவாசத்துக்கு இவர் பொறுப்பானார். வெகுகாலம் கழித்து அதன் வேதனைக்கும் பொறுப்பானார். கடைசியாக, தூங்கப்போன குழந்தை அதே அறிவோடும் அதே சுபாவத்தோடும் கண்விழிக்குமா, பத்து வயதில் மற்றப் பிள்ளைகளைப் போலக் கணக்குப் போடுமா என்ற கேள்வியும் இவர் தலையிலேயே வந்து விழுந்தது. இவற்றுள் எந்தப் பொறுப்பையும் இத்தொழில் தானாக முன்வந்து ஏற்றுக்கொண்டதென்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஏதோ ஒரு குழந்தையின் மரணமோ துன்பமோ இருக்கிறது.

1848 ஜனவரி 28ஆம் தேதி, இங்கிலாந்தில் நியூகாஸில் நகருக்கு அருகே வின்லேட்டன் என்ற ஊரில், கால்நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபாரம் முகர்ந்த ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் சில நிமிஷங்களில் இறந்துபோனாள். எடின்பரோவில் சிம்ப்ஸன் என்ற வைத்தியர் அந்த மருந்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்து மூன்று மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. அந்த மரணத்தை ஆராய்ந்து, துணியில் ஊற்றி முகரச் செய்யும்போது எவ்வளவு ஆவி உள்ளே போகிறதென்று யாருக்கும் தெரிவதில்லை, அதுவே ஆபத்து என்று விடாமல் எடுத்துச் சொன்னவர் லண்டனில் இருந்த ஜான் ஸ்னோ. பிற்காலத்தில் காலரா தண்ணீரின் வழியாகவே பரவுகிறதென்று நிரூபித்துப் பெயர் பெற்றவரும் அவரே. குழந்தைகளுக்கு மருந்து பெரியவர்களைவிட விரைவாக ஏறுகிறது, விரைவாக இறங்குகிறது என்றும், அவர்களுடைய சுவாசமும் இரத்த ஓட்டமும் வேகமாயிருப்பதே அதற்குக் காரணம் என்றும் முதன்முதலில் கண்டு எழுதியவரும் அவர்தான். நூற்றுக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளுக்கு அவர் தம் கையாலேயே குளோரோபாரம் கொடுத்திருந்தார். 1858இல் அவர் 45 வயதில் இறந்தபோது, இந்த நுட்பமான கவனமும் அவரோடு மறைந்ததோ என்று ஐயுறும்படியாக, அடுத்த பல பத்தாண்டுகள் கழிந்தன. கம்பிச் சட்டத்தில் துணி போர்த்த முகமூடியும், அதன்மேல் சொட்டுச் சொட்டாக விழும் ஈதரும், அதைச் சொட்டவிட அந்த நேரத்தில் கை ஒழிந்திருந்த யாரோ ஒருவரும் போதுமென்று பெரும்பாலான இடங்களில் எண்ணினார்கள்.

அது போதாது என்பதற்குக் குழந்தையின் தேகமே சாட்சி. பிறந்த சிசு தன் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவரைப் போல இரண்டு மடங்கு பிராணவாயுவைச் செலவிடுகிறது. ஆகையால் மூச்சு நின்றால் பெரியவரைவிட மிகச் சீக்கிரத்தில் நீலம் பாரித்துவிடும். மூச்சுக்குழல் அவ்வளவு ஒடுங்கியது, உட்புறம் ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலும் வழி பெரும்பகுதி அடைபடும். மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் ஓடும் இரத்தம் முழுவதும் ஒரு டம்ளரில் அடங்கிவிடக்கூடியது. பெரியவர்களுக்காகச் செய்த கருவிகளின் வால்வுகளைத் தள்ளித் திறக்கவும், நீண்ட குழாய்களில் தேங்கிய அசுத்தக் காற்றை வெளியேற்றவும் அந்தச் சின்ன மார்புக்கு வலுவில்லை.

இதற்கு வழி கண்டவர் நியூகாஸிலில் பணி செய்த பிலிப் அயர். அவர் தாமே பிளவுபட்ட உதட்டோடும் பிளவுபட்ட அண்ணத்தோடும் பிறந்தவர். பேச்சுச் சிரமம் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. அதே குறையோடு பிறந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை நடக்கும்போது மூச்சுத் திணறி அவர்கள் படும் பாட்டைக் கண்டு, வால்வு ஏதுமின்றி மூன்று வாய் மட்டுமே உள்ள ஒரு சிறு குழாயை 1937இல் அவர் விவரித்தார். ஒரு வாய் குழந்தையின் மூச்சுக்குழலோடு சேரும். மற்றொன்றில் பிராணவாயுவும் மயக்க வாயுவும் வரும். மூன்றாவது வழியாக வெளிமூச்சு தடையில்லாமல் போய்விடும். விலை சொற்பம், பழுதாவதற்கு அதில் அசையும் பாகமே கிடையாது. 1950இல் லிவர்பூல் நகரத்து ஜாக்ஸன் ரீஸ் அந்தக் குழாயின் வாலில் முனை திறந்த ஒரு ரப்பர்ப் பையைச் சேர்த்தார். பையை மெல்ல அழுத்தினால் குழந்தைக்காக வைத்தியரே மூச்சு விடலாம். அழுத்தாமல் பிடித்திருந்தால் அந்த நுரையீரலின் ஒவ்வோர் அசைவையும் விரல்களால் உணரலாம். பிறவிக் குறைகளோடு பிறந்து ஒரு தலைமுறைக்கு முன்வரை சாகவே விடப்பட்ட சிசுக்களுக்குச் சிகிச்சை செய்யும் துணிவை இந்த எளிய சாதனமே தந்தது என்றால் அது மிகையன்று. இன்றும் அதை வைத்தியர்கள் கையில் பார்க்கலாம்.

தலைமாட்டில் நின்று சுவாசத்தைக் கவனித்த இவர்களுடைய அனுபவம் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியேயும் பயன்படும் என்பது சீக்கிரமே தெரியவந்தது. நியூயார்க்கில் வெர்ஜீனியா அப்கார், பிறந்து ஒரு நிமிஷமான சிசுவின் நாடி, சுவாசம், நிறம், தசை முறுக்கு, தூண்டினால் காட்டும் அசைவு என்ற ஐந்துக்கும் மதிப்பெண் இடும் முறையை 1953இல் வெளியிட்டார்; அவரும் மயக்க மருத்துவரே. ஆனால் அந்த அனுபவத்தின் வலிமையை உலகத்துக்குக் காட்டியது கோபன்ஹேகன் நகரம். 1952ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. பிளெக்டம் ஆஸ்பத்திரியில் சுவாசம் தளர்ந்து சேர்ந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்று வாரத்துக்குள் இறந்தனர். வேறு வழி தோன்றாத தலைமை வைத்தியர் லாஸன், தம் துறைக்குப் புறம்பானவரான மயக்க மருத்துவர் பியார்ன் இப்ஸெனை அழைத்தார். ஆகஸ்டு 27ஆம் தேதி, மூச்சுத் திணறிச் சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து குழாய் செருகி, தியேட்டரில் நாள்தோறும் செய்கிறபடியே ஒரு பையை அழுத்தி அவளுக்கு மூச்சுக் கொடுத்தார் இப்ஸென். அவள் பிழைத்தாள். அதன் பின் அந்த நகரத்து வைத்திய மாணவர்களும் பல் வைத்திய மாணவர்களுமாகச் சுமார் 1,500 பேர், முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் படுக்கையருகே உட்கார்ந்து, வாரக்கணக்காகக் கையாலேயே பையை அழுத்தி அந்த நோயாளிகளை உயிரோடு வைத்திருந்தார்கள். நூற்றுக்கு 87 பேர் இறந்துகொண்டிருந்த நிலைமை மாறி, நால்வரில் ஒருவர் அளவுக்கு இறப்பு குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் காணும் ஏற்பாடு அங்கிருந்து கிளைத்ததுதான். அந்த மாணவர்களை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது; வைத்தியத்தின் சரித்திரத்தில் இதைவிட அழகான அத்தியாயம் எனக்குத் தெரியாது.

மூச்சைத் திரும்பக் கொடுப்பதால் மட்டும் மனிதன் திரும்பிவிடுவதில்லை என்ற கசப்பான உண்மை, அதே தலைமுறையில் மற்றொருவருக்குத் தம் வீட்டிலேயே வெளிப்பட்டது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பீட்டர் ஸஃபார், 1950களில் பால்டிமோரில் மயக்க மருத்துவராக இருந்தபோது, கியூரார் மருந்தால் தசைகள் தளர்த்தப்படச் சம்மதித்து முன்வந்தவர்கள்மீது சோதனைகள் நடத்தி, தலையைப் பின்னால் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதுவதே பழைய முறைகளைவிடச் சிறந்தது என்று நிலைநாட்டினார். சாலையோரத்தில் விழுந்துகிடப்பவனை யாரும் காப்பாற்றலாம் என்ற நிலைமையை உண்டாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். 1966இல் அவருடைய சிறு மகள் எலிசபெத் ஆஸ்துமாவின் கடும் தாக்குதலில் மூச்சு நின்று விழுந்தாள். இதயம் மீண்டது, நுரையீரலும் மீண்டது, மூளை மீளவில்லை. உலகத்தின் குழந்தைகளுக்கெல்லாம் மூச்சுக் கொடுக்கக் கற்பித்தவருக்குத் தம் குழந்தையிடம் கிடைத்தது அதுவே. அந்த நாள் முதல் 2003இல் தாம் இறக்கும்வரை, இதயத்தையும் நுரையீரலையும் மீட்பதோடு மூளையையும் மீட்பது எப்படி என்பதே அவருடைய ஆராய்ச்சியாயிற்று. அதே காலத்தில் பிட்ஸ்பர்க் நகரத்தின் ஏழைக் கறுப்பின இளைஞர்களைப் பயிற்றுவித்து ஆம்புலன்ஸ் சேவை ஒன்றை அமைப்பதிலும் அவர் பங்குகொண்டார். பிராணவாயு கிடைக்காமல் பாதிக்கப்பட்ட மூளையை, மயக்க மருந்தான தயோபென்டால் கொண்டு ஓய்வில் வைத்தால் காக்கலாம் என்று விலங்குகளிடம் தோன்றிய நம்பிக்கை, மயக்கம் தெளியாத 262 நோயாளிகளிடம் நடத்திய பெரிய சோதனையில் 1986இல் பொய்த்துப்போயிற்று. அவர் அதை மறைக்கவில்லை. சோர்ந்து உட்காரவும் இல்லை.

சுவாசத்தைப் பற்றியும் மூளையைப் பற்றியும் இவ்வளவு சிந்தித்த இத்தொழில், சிசுவின் வலியைப் பற்றி அதே ஆண்டுகளில் கிட்டத்தட்டச் சிந்திக்கவே இல்லை என்பதை எழுதும்போது மனம் பதைக்கிறது. பிறந்த குழந்தையின் நரம்புகளுக்கு உறை முற்றவில்லை, ஆகவே அதற்கு வலி தெரியாது. தெரிந்தாலும் நினைவில் நிற்காது. பலவீனமான சிசுவுக்கு மயக்க மருந்து கொடுத்தால் இதயமே நின்றுவிடும் என்றெல்லாம் பாட ஆசிரியர்களும் அனுபவசாலிகளும் சொல்லிவந்தார்கள். பெரியவர்களிடமே வலியைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகளில் பெரும்பகுதிக்கு அந்த உறை கிடையாது என்பது தெரிந்திருந்தும், இந்த வாதத்தின் ஓட்டையை யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசிக் காரணம் மட்டும் அஞ்ச வேண்டிய காரணமே. அக்காலத்து மருந்துகளால் சிசுக்கள் இறந்ததும் உண்டு. ஆனால் அந்த அச்சம் நாளடைவில் பழக்கமாகிப் பழக்கமே சாஸ்திரமாகிவிட்டது. தசைகளைத் தளர்த்தி அசைவை நிறுத்தும் மருந்தை மட்டும் கொடுத்து, பிரக்ஞையும் வலியும் இருந்தபடியே இருக்க, குறைமாதக் குழந்தைகளின் மார்பைத் திறந்தார்கள். குழந்தை அசையவில்லை, ஆகவே துன்பமில்லை என்று முடிவு கட்டினார்கள்.

1985இல் அமெரிக்காவின் தலைநகரில் இப்படி இதயத்தருகே சிகிச்சை செய்யப்பட்டுச் சில வாரங்களில் இறந்த ஒரு குறைமாதச் சிசுவின் தாய், தன் மகனுக்கு அன்று அசைவைக் கட்டும் மருந்தைத் தவிர வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதைப் பின்னர் அறிந்து, பதில் கேட்டுக் கடிதங்கள் எழுதினாள். மறுமொழிகளில் அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. 1986இல் பத்திரிகைகளில் செய்தி வெளியான பிறகே, மற்றத் தாய்மார்களும் வைத்தியர்களும் இதைப் பேசத் தொடங்கினார்கள். அவளுடைய பிடிவாதத்துக்கு வைத்திய உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது.

அதே சமயத்தில் ஆக்ஸ்போர்டில் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார் கே.ஜே.எஸ். ஆனந்த். இந்தூரில் வைத்தியம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்ற அந்த இளைஞர், சிகிச்சை முடிந்து திரும்பும் குறைமாதக் குழந்தைகள் போனதைவிட மோசமான நிலையில் வருவதைக் கண்டு, காரணத்தை அவர்களுடைய இரத்தத்தில் தேடினார். சிகிச்சையின்போது அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்கள் அளவுகடந்து சுரப்பதை அளந்தார். பிறகு, வழக்கமான முறையில் சிகிச்சை பெற்ற சிசுக்களையும், அதே முறையோடு வலியகற்றும் ஃபென்டானில் மருந்தும் பெற்ற சிசுக்களையும் சேர்த்துவைத்து ஒப்பிட்டார். ஃபென்டானில் பெற்றவர்களின் ஹார்மோன் கொந்தளிப்பு அடங்கியிருந்தது. சிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்களும் அவர்களுக்குக் குறைவு. 1987 ஜனவரியில் லான்செட் பத்திரிகையில் வெளியான இந்த முடிவு, வலியை நீக்குவது தாட்சண்யத்துக்காகச் செய்யும் காரியம் மட்டுமன்று, அது குழந்தையைப் பிழைக்கவைக்கும் காரியமுமாகும் என்று காட்டியது. அந்த ஆண்டிலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், பிறந்த சிசுவுக்கும் தகுந்த மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. லாங் தம் குறிப்பில் அந்தச் சிறுவனின் துடிப்பை எழுதிவைத்து ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வலிக்குப் பதில் கிடைத்த பதினாறு ஆண்டுகளுக்குள் மருந்தைப் பற்றியே ஒரு சந்தேகம் எழுந்தது. 2003இல் வெஸ்னா யெவ்டோவிச்-டோடரோவிச் என்ற மயக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும், ஏழு நாள் வயதுள்ள எலிக்குட்டிகளுக்குத் தியேட்டரில் புழங்கும் மருந்துகளையே ஆறு மணி நேரம் கொடுத்துப் பார்த்ததில், வளரும் மூளையின் செல்கள் பரவலாகத் தாமே அழிந்ததையும், அந்த எலிகள் வளர்ந்த பின் கற்பதில் பின்தங்கியதையும் கண்டார்கள். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் ஒரு தொழிலுக்கு இதைவிடக் கலக்கம் தரும் செய்தி வேறென்ன இருக்க முடியும்? எலியின் ஆறு மணி நேரம் குழந்தையின் ஆயுளில் எத்தனை வாரத்துக்குச் சமம் என்று வாதிட்டு அதை ஒதுக்கிவிட்டிருக்கலாம். இத்துறையினர் அப்படிச் செய்யாமல், தம் அன்றாட வேலையையே சோதனைக்கு உட்படுத்தியது எனக்குப் பெருமிதம் தருகிறது. மெல்போர்னைச் சேர்ந்த ஆண்ட்ரூ டேவிட்ஸன் முதலானோர், குடலிறக்கச் சிகிச்சைக்கு வந்த 722 கைக்குழந்தைகளை ஏழு நாடுகளில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முழு மயக்கமும் மற்றொரு பிரிவுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தலும் என்று திருவுளச்சீட்டு முறையில் பகிர்ந்து, பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு ஐந்து வயதாகும்வரை காத்திருந்தனர். 2019இல் வந்த முடிவு: ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு மயக்கத்தால் அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை. நீண்ட மயக்கத்தையும் பலமுறை மயக்கத்தையும் பற்றி அந்த ஆராய்ச்சி எதுவும் சொல்லவில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட மயக்கம் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016இல் விடுத்த எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. தவிர்க்க முடியாத சிகிச்சைக்கு மயக்கத்தையும் தவிர்க்க முடியாது; தள்ளிவைக்கக் கூடியதைத் தள்ளிவைக்கலாம் என்ற அளவில் தகப்பன்மார்க்கும் தாய்மார்க்கும் இன்று பதில் சொல்லப்படுகிறது.

தலையில் அடிபட்ட குழந்தையிடம் இந்தக் கேள்விகள் யாவும் ஒன்றுகூடிவிடுகின்றன. இரத்த அழுத்தம் சிறிது ஏறினாலும் இறங்கினாலும் தனக்கு வரும் இரத்தத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் சக்தி ஆரோக்கியமான மூளைக்கு உண்டு. காயம் பட்டபின் அது பல குழந்தைகளிடம் கெட்டுப்போகிறது. அப்போது அழுத்தம் கொஞ்சம் தாழ்ந்தாலும் மூளை பட்டினி கிடக்கும். வைத்தியர் அவசரத்தில் பையை வேகமாக அழுத்திக் கரியமில வாயுவை அதிகம் வெளியேற்றிவிட்டால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். ஆகத் தலைமாட்டில் நிற்பவரின் கையே காயத்தை ஆற்றவோ பெருக்கவோ செய்யும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோனிகா வவிலாலா, குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதையும் மூளைக் காய ஆராய்ச்சியையும் ஒரே வாழ்நாள் பணியாகச் சேர்த்துக்கொண்டவர். அந்தச் சீராக்கும் சக்தி கெட்ட குழந்தைகளின் கதி மோசமாக இருப்பதை அளந்து காட்டிய பின், அவரும் சகாக்களும் நூதன மருந்தொன்றைத் தேடிப் போவதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட வழிகாட்டு நெறிகளை, அழுத்தம் குறையவிடாமலும் பிராணவாயு தாழவிடாமலும் உணவு தாமதிக்காமலும், எவ்வளவு ஒழுங்காக ஆஸ்பத்திரிகள் கடைப்பிடிக்கின்றன என்று பார்த்து, ஒழுங்கு கூடக்கூடப் பிழைக்கும் குழந்தைகளும் கூடுவதை 2014இல் வெளியிட்டார்கள். இவ்வகை வேலைக்குப் பத்திரிகைகளில் பெரிய தலைப்பு கிடைப்பதில்லை. எனக்கோ இதுவே இத்துறையின் உயர்ந்த பகுதியாகத் தோன்றுகிறது.

காயம்பட்ட மூளையைக் காக்க உடலைக் குளிரூட்டும் முறையின் கதை இன்னும் முடியவில்லை. உடலைக் குளிர்வித்தால் மூளையின் தேவை குறையும் என்பது இதய சிகிச்சை மேசையில் கற்ற பாடம். மினசோட்டாவில் 1952இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அப்படிக் குளிர்வித்தே அவளுடைய இதயத்தைத் திறந்து சீர்செய்தார்கள். தலையில் அடிபட்ட குழந்தைகளுக்கும் அதைச் செய்யலாமென்று பலர் நம்பினர். 225 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2008இல் வெளியானபோது, குளிர்விக்கப்பட்டவர்களுக்கு நன்மை இல்லை, இறப்பு கூடியதாகவே தோன்றியது. பிரசவத்தின்போது மூச்சுத் திணறிப் பிறந்த சிசுக்களிடமோ அதே முறை பலித்தது: பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, 33.5 டிகிரி செல்ஸியஸில் 72 மணி நேரம் வைத்திருந்தால் மரணமும் ஊனமும் குறைவதைச் செல்வ நாடுகளின் சோதனைகள் 2005 முதல் காட்டின. அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு ஆஸ்பத்திரிகளில், சென்னை உள்பட, 408 சிசுக்களிடம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஊனம் குறையவில்லை, குளிர்விக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர், மற்றவர்களில் 31 பேர். லண்டனில் உயிர் காத்த குளிர் சென்னை எழும்பூரில் ஏன் காக்கவில்லை என்பதற்கு, இங்கே பல சிசுக்களின் மூளைக் காயம் பிரசவ அறைக்கு முன்பே, தாயின் வயிற்றுக்குள் மெல்ல மெல்லத் தொடங்கிவிடுகிறதோ என்ற திசையில் இப்போது விடை தேடுகிறார்கள். பிரசவ வலியில் வரும் தாய்மார்களின் பக்கத்திலிருந்தே கவனிப்பைத் தொடங்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுடைய அபிப்பிராயம்.